வளர்ச்சி அட்டவணையில் பரப்பளவுக்கு என்ன வேலை?

உலக வங்கி வெளியிடும் 'உலக வளர்ச்சிக் குறியீடுகள்' தொகுப்பில் தனிநபர் வருமானம், குழந்தை இறப்பு விகிதம், மின்வசதி பெற்றவர்களின் விகிதம் போன்றவற்றுக்கு நடுவே 'பரப்பளவு, சதுர கிலோமீட்டரில்' என்றும் ஒரு வரி இருக்கிறது. முதன்முறை பார்ப்பவர்களுக்கு அது இடம் மாறி வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் தோன்றும். வருமானம் கூடினால் நல்லது. குழந்தை இறப்பு குறைந்தால் நல்லது. பரப்பளவு கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா?

இதற்குப் பதில் யோசிக்காமலேயே பலரும் பேசிவிடுகிறார்கள். "இவ்வளவு பெரிய நாடு, இன்னும் முன்னேறவில்லையே" என்பது ஒரு பேச்சு. "கையளவு நாடு, அதனால்தான் சுலபமாக முன்னேறிவிட்டது" என்பது இன்னொரு பேச்சு. சிங்கப்பூர் சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். காங்கோ ஜனநாயகக் குடியரசு 23 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மனித வளர்ச்சிப் பட்டியலில் சிங்கப்பூர் உச்சியில் இருக்கிறது, காங்கோ அடியில் இருக்கிறது. இதை வைத்துச் சிறிய நாடே நல்லது என்று முடிவு கட்டினால், சுமார் 77 இலட்சம் சதுர கிலோமீட்டர் கொண்ட ஆஸ்திரேலியாவும் அதே உச்சியில்தான் இருக்கிறது. 28 ஆயிரத்தைக்கூட எட்டாத புருண்டி அடியில் கிடக்கிறது. இரண்டு பேச்சுக்கும் ஆதாரம் கிடைக்கிறது என்றால், இரண்டுமே தவறான இடத்தில் தேடுகின்றன என்று பொருள்.

பரப்பளவுக்கு நல்லது, கெட்டது என்ற திசையே கிடையாது. ஆனாலும் அது இல்லாவிட்டால், திசை உள்ள பல எண்களைக் கணக்கிடவே முடியாது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எதையெல்லாம் உள்ளே சேர்த்துக்கொள்கிறது, பிறகு எங்கெங்கே போய் வேலை செய்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இனிமேல் சதுர கிலோமீட்டரை ச.கி.மீ. என்று சுருக்கிக்கொள்கிறேன். ஒரு ச.கி.மீ. என்பது 100 ஹெக்டேர்.

## குறியீடு என்ற ஒரே பெயரில் இரண்டு வகை

குறியீடு என்பது ஒரு நாட்டின் நிலையை அறிய, ஒரே வரையறையின்படி எல்லா நாடுகளுக்கும் திரட்டப்படும் எண். அவ்வளவுதான். அது உயர்ந்தால் பாராட்ட வேண்டும் என்று அந்த வரையறையில் எங்கும் இல்லை.

சில குறியீடுகள் விளைவைச் சொல்கின்றன. எழுத்தறிவு, சராசரி ஆயுள் போன்றவை இந்த வகை. வேறு சில, சூழலைச் சொல்கின்றன. மக்கள்தொகை, பரப்பளவு இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஒருவரின் உடல் எடை சரியா என்று பார்க்க உயரம் தெரிய வேண்டும். உயரம் தன்னளவில் ஆரோக்கியமும் இல்லை, நோயும் இல்லை. நாடுகளை ஒப்பிடும்போது பரப்பளவுக்கு இருக்கும் இடமும் அதுவே. 50 ஆயிரம் கிலோமீட்டர் சாலை என்பது ஒரு நாட்டுக்கு ஏராளம், இன்னொரு நாட்டுக்குப் போதவே போதாது. எது எந்த நாடு என்பதைச் சொல்லும் எண்களில் முதன்மையானது பரப்பளவு.

## எல்லைக்கோட்டுக்குள் இருப்பதெல்லாம் நிலமா?

பரப்பளவு என்றதும் ஒரே ஒரு எண் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். புள்ளிவிவர அமைப்புகள் குறைந்தது இரண்டு எண்களைத் தருகின்றன. பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலாவது, மொத்தப் பரப்பளவு. நாட்டின் எல்லைக்கோட்டுக்குள் அடங்கும் நிலம், ஏரி, ஆறு, நீர்த்தேக்கம் எல்லாம் சேர்ந்தது. உலக வங்கியின் வரையறை கரையோர நீர்வழிகள் சிலவற்றையும் இதில் சேர்க்கிறது. இரண்டாவது, நிலப்பரப்பு. மொத்தப் பரப்பளவிலிருந்து உள்நாட்டு நீர்ப்பரப்பைக் கழித்தால் கிடைப்பது. உள்நாட்டு நீர்ப்பரப்பு என்பது பெரிய ஆறுகளும் ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் மூடியிருக்கும் பகுதி. இந்த எண்களை நாடுகளிடமிருந்து கேட்டு வாங்கித் தொகுக்கும் வேலையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு செய்கிறது. உலக வங்கி அதைத்தான் எடுத்தாள்கிறது. விளைநிலம் எவ்வளவு, காடு எவ்வளவு என்று கணக்கெடுப்பவர்களுக்கு, மொத்த நிலம் எவ்வளவு என்ற கேள்வி முதலில் வந்து நிற்கும் அல்லவா?

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியது என்று ஒதுக்கிவிட முடியாது. மொத்தப் பரப்பளவில் உலகின் இரண்டாவது பெரிய நாடு கனடா, சுமார் 99.8 இலட்சம் ச.கி.மீ. அதில் ஏறத்தாழ 8.9 இலட்சம் ச.கி.மீ. நன்னீர். ஏரிகளைக் கழித்துவிட்டு நிலத்தை மட்டும் எடுத்தால், சீனாவும் அமெரிக்காவும் கனடாவைத் தாண்டிவிடுகின்றன. கனடா நான்காம் இடத்துக்கு இறங்குகிறது. நாடு ஒரு அடிகூட நகரவில்லை, கேள்விதான் மாறியது.

அமெரிக்காவின் கதை இதைவிடச் சுவையானது. அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. வெளியிட்டுவந்த உலகத் தகவல் நூலில், 1996 வரை அந்நாட்டின் பரப்பளவு சுமார் 93.7 இலட்சம் ச.கி.மீ. 1997இல் அது 96.3 இலட்சமானது. 2007இல் 98.3 இலட்சமானது. இடையில் அமெரிக்கா எந்த நாட்டையும் பிடிக்கவில்லை, யாரிடமும் நிலம் வாங்கவும் இல்லை. முதல் தடவை பேரேரிகளில் தன் பங்கையும் கரையோர நீரையும் சேர்த்தார்கள். இரண்டாம் தடவை, கரையை ஒட்டிய ஆட்சிக்கடலையும் சேர்த்தார்கள். சீனாவின் பரப்பளவு சுமார் 96 இலட்சம். ஆக, அமெரிக்கா பெரிதா, சீனா பெரிதா என்ற விவாதத்தில் இரு தரப்பும் தங்களுக்குப் பிடித்த ஆண்டின் பதிப்பைக் காட்டி வெல்லலாம். உலகின் மூன்றாவது பெரிய நாடு எது என்று பள்ளிப் புத்தகங்களில் வெவ்வேறு விடை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

## கடல் எங்கே தொடங்குகிறது?

ஏரியைக் கழிப்பது எளிது, அதற்கு ஒரு கரை இருக்கிறது. கடற்கரைக்கோ ஒரு நாளில் பல கரைகள். கடல்மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் ஓதம் என்கிறோம். உயர் ஓதத்தில் மூழ்கி, தாழ் ஓதத்தில் வெளிப்படும் மணல்திட்டு நிலமா, கடலா?

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இதற்கு ஒரு விடை சொல்கிறது. கரையோரத் தாழ்நீர்க் கோடுதான் பொதுவான அடிக்கோடு. கடல் உரிமைகளெல்லாம் அங்கிருந்து அளக்கப்படும். ஆனால் நாட்டுக்குள் புள்ளிவிவரம் எடுப்பவர்கள் அதே கோட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகம் ஒரே நிலத்துக்குப் பல பரப்பளவுகளைத் தருகிறது. ஓதம் விலகும்போது தெரியும் இடங்கள் உட்பட ஆட்சி எல்லை முழுவதும் ஒன்று. சராசரி உயர் ஓதக் கோடு வரை மட்டும் இன்னொன்று. அதிலிருந்து உள்நாட்டு நீரைக் கழித்தது மற்றொன்று. எந்த வேலைக்கு எது என்று தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். எல்லா நாடுகளும் இப்படிச் செய்தால் பாதித் தகராறு தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

கரைக்கு அப்பால் இரண்டு வளையங்கள் உண்டு. அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல். அங்கே அந்த நாட்டின் இறையாண்மை செல்லும். 200 கடல் மைல் வரை பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். அங்கே மீனையும் கடலடி வளங்களையும் எடுக்கும் உரிமை மட்டும் அந்த நாட்டுக்கு. இந்த இரண்டாவது வளையம் பரப்பளவில் சேராது. பசிபிக்கில் உள்ள கிரிபாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிலம் சுமார் 810 ச.கி.மீ. அதன் பொருளாதார மண்டலமோ 30 இலட்சம் ச.கி.மீ.க்கும் மேல். பரப்பளவுப் பட்டியலில் அது கண்ணுக்கே தெரியாத நாடு. சூரை மீன் பிடிக்க உரிமம் கேட்டு வருபவர்களுக்கு அது மிகப் பெரிய நாடு.

சுருக்கமாக: மொத்தப் பரப்பளவில் ஏரியும் ஆறும் உண்டு, நிலப்பரப்பில் இல்லை. பொருளாதாரக் கடல் மண்டலம் இரண்டிலும் இல்லை. ஓதம் புழங்கும் கரையை எங்கே வெட்டுவது என்பது அந்தந்த நாட்டின் முடிவு.

## மலையை நீவி விரித்தால் நாடு பெரிதாகுமா?

'மேற்பரப்பு' என்ற சொல்லைக் கேட்டதும், மலைச்சரிவுகளையும் சேர்த்து அளப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நேபாளத்தின் மலைகளைத் தட்டையாக்கினால் அது எத்தனை மடங்கு பெரிதாகும் என்றெல்லாம் பேச்சு வரும். அப்படி யாரும் அளப்பதில்லை. நாட்டின் பரப்பளவு என்பது நேர் மேலிருந்து பார்த்தால் தெரியும் அளவு. உச்சி வெயிலில் ஒரு மலை தன் காலடியில் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, அவ்வளவுதான் கணக்கு.

சரிவைச் சேர்த்தாலும் பலர் நினைக்கும் அளவுக்கு எண் ஏறாது. 30 பாகை சாய்ந்த சரிவின் உண்மைப் பரப்பு, மேலிருந்து தெரிவதைவிடச் சுமார் 15 சதவீதம்தான் அதிகம். 45 பாகை என்ற செங்குத்தான சரிவில்கூட 41 சதவீதம். ஒரு நாடு முழுவதும் 45 பாகையில் சாய்ந்திருப்பதில்லை.

சரிவைச் சேர்க்காததற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. மழையும் வெயிலும் மேலிருந்து விழுகின்றன. மரம் சரிவிலும் நிமிர்ந்தே வளர்கிறது. இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சரிவை அளக்கத் தொடங்கினால் எந்த நுணுக்கத்தில் நிறுத்துவது? குன்றின் சரிவைச் சேர்த்தால் பாறையின் சரிவையும் சேர்க்க வேண்டும், பிறகு கூழாங்கல்லின் வளைவையும் சேர்க்க வேண்டும். அளவுகோல் சிறுக்கச் சிறுக்க விடை பெருத்துக்கொண்டே போகும். மேலிருந்து பார்க்கும் பரப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. எல்லா நாடுகளையும் கடல்களையும் கூட்டினால் பூமியின் மொத்தப் பரப்பான ஏறத்தாழ 51 கோடி ச.கி.மீ. சரியாக வந்துவிடும்.

## எண் எப்படிக் கிடைக்கிறது?

முன்பு வரைபடத்தின் மேல் அளந்தார்கள். 1854இல் ஸ்விட்சர்லாந்தின் யாகோப் அம்ஸ்லர் உருவாக்கிய பிளானிமீட்டர் என்ற கருவியின் முனையை வரைபடத்தின் எல்லைக்கோட்டில் ஒரு சுற்று நகர்த்தினால், உள்ளே அடங்கும் பரப்பை அதன் சக்கரம் சொல்லிவிடும். இன்று எல்லைக்கோடு ஆயிரக்கணக்கான புள்ளிகளாகக் கணினியில் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. அந்தப் புள்ளிகளை வரிசையாக எடுத்து, பூமியின் வடிவத்துக்கு ஏற்ற சூத்திரத்தில் போட்டால் பரப்பளவு வந்துவிடும். பூமி முழு உருண்டை அன்று. துருவங்களில் சற்றுத் தட்டையானது. நடுக்கோட்டு ஆரத்துக்கும் துருவ ஆரத்துக்கும் சுமார் 21 கிலோமீட்டர் வேறுபாடு இருக்கிறது. அதையும் சூத்திரம் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

உருண்டையைத் தட்டையான தாளில் விரிக்கும்போது ஏதாவது ஒன்று சிதையும். 1569இல் மெர்கேட்டர் வரைந்த வரைபட முறை, திசையைக் காப்பாற்றிப் பரப்பைப் பலி கொடுத்தது. கப்பலோட்டிகளுக்குத் திசைதான் வேண்டியிருந்தது. அந்த முறையில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் கிரீன்லாந்து சுமார் 21.7 இலட்சம் ச.கி.மீ.; ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி. பதினான்கு மடங்கு வேறுபாடு! நாடுகளின் அளவு பற்றி நம் மனத்தில் பதிந்திருக்கும் படம் பெரும்பாலும் இந்த வரைபடத்திலிருந்து வந்தது என்பதால், எண்ணைப் பார்க்காமல் கண்ணை நம்புவது இங்கே ஆபத்து. பரப்பை அளக்கும் வேலைக்கென்றே சமப்பரப்பு வரைபடங்கள் இருக்கின்றன. அவற்றில் வடிவம் கோணலாகும், பரப்பு மாறாது.

கடற்கரையின் நீளத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் கவனித்து, 1967இல் பென்வா மாண்டல்பிராட் பிரபலமாக்கிய விஷயம் இது. அளவுகோல் சிறியதானால் கரையின் ஒவ்வொரு வளைவும் சுளிவும் கணக்கில் சேர்ந்து நீளம் கூடிக்கொண்டே போகும். அப்படியானால் பரப்பளவும் உறுதியற்றதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. பெரிய அளவுகோலால் அளக்கும்போது சில குடாக்கள் உள்ளே சேர்ந்துவிடும், சில முனைகள் வெளியே விடுபடும். இந்தப் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடும். மிஞ்சுவது கரையோர மெல்லிய பட்டையில் அடங்கிவிடும். நுணுக்கம் கூடக் கூட நீளம் ஓடிக்கொண்டிருக்கும். பரப்பு ஒரு எண்ணில் வந்து நின்றுவிடும்.

அந்தப் பட்டை எவ்வளவு பெரிது என்பது நாட்டைப் பொறுத்தது. எல்லைக்கோடு எங்கும் 100 மீட்டர் தள்ளிப் போடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோமீட்டர் நீள எல்லையில் பிழை 100 ச.கி.மீ. பத்து இலட்சம் ச.கி.மீ. உள்ள நாட்டுக்கு அது தூசு. மொனாக்கோவின் கடற்கரை சுமார் 4 கிலோமீட்டர். அதே தவறு அங்கே 0.4 ச.கி.மீ. ஆகும். மொனாக்கோவே மொத்தம் 2 ச.கி.மீ.தான். ஐந்தில் ஒரு பங்கு நாடு போய்விடும்!

## பரப்பளவு உண்மையில் வேலை செய்யும் இடம்

இப்போதுதான் முதல் கேள்விக்கு வருகிறோம். வளர்ச்சி அட்டவணையில் பரப்பளவு பெரும்பாலும் வகுக்கும் எண்ணாக வருகிறது. மக்கள் அடர்த்தி என்பது மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்தது. சாலை அடர்த்தி, இருப்புப்பாதை அடர்த்தி இரண்டும் அப்படியே. விளைநில விகிதமும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் விகிதமும் அதே வழிதான். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 15.1.1 என்ற குறியீடு, மொத்த நிலப்பரப்பில் காடு எத்தனை சதவீதம் என்பதை அளக்கிறது.

வகுக்கும் எண்ணைத் தொட்டால் விடை அசையும். ஃபின்லாந்தின் காடு சுமார் 2.24 இலட்சம் ச.கி.மீ. அதை நிலப்பரப்பால், அதாவது 3.04 இலட்சத்தால் வகுத்தால் 74 சதவீதம். ஏரிகளையும் சேர்த்த 3.38 இலட்சத்தால் வகுத்தால் 66 சதவீதம். ஒரு மரம் வெட்டப்படாமலே 8 புள்ளிகள் காணாமல் போகின்றன. நெதர்லாந்தில் ஏறத்தாழ 1.8 கோடிப் பேர். மொத்தப் பரப்பால் வகுத்தால் ச.கி.மீ.க்குச் சுமார் 430 பேர், நிலப்பரப்பால் வகுத்தால் சுமார் 530 பேர்.

எல்லைத் தகராறு இருக்கும் இடங்களில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மக்கள்தொகை சுமார் 121 கோடி. இந்தியா அதிகாரபூர்வமாக அறிவிக்கும் பரப்பளவு 32.87 இலட்சம் ச.கி.மீ. அதால் வகுத்தால் அடர்த்தி 368. ஆனால் அதில் சுமார் 1.2 இலட்சம் ச.கி.மீ. பாகிஸ்தான், சீனக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அங்கே கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே கணக்கெடுப்புத் துறை அதை நீக்கிவிட்டு வகுத்தது. அதனால்தான் வெளியான எண் 382. உலக வங்கி பயன்படுத்தும் நிலப்பரப்பான 29.73 இலட்சத்தால் அதே மக்கள்தொகையை வகுத்தால் 407. மூன்றும் சரியான கணக்குகளே. கணக்கெடுப்புத் துறை செய்ததில் ஒரு நேர்மை இருக்கிறது: மேலே எண்ணிய மக்கள் வாழும் இடம்தான் கீழே வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும்.

சரியான பரப்பால் வகுத்தாலும் சராசரி ஏமாற்றக்கூடும். எகிப்து சுமார் 10 இலட்சம் ச.கி.மீ.; மக்கள் 11 கோடிக்கும் மேல். வகுத்தால் ச.கி.மீ.க்குச் சுமார் 110 பேர், நெரிசலே இல்லாத நாடு. உண்மையில் ஏறத்தாழ 95 சதவீத மக்கள் நைல் ஆற்றோரத்திலும் அதன் கழிமுகத்திலும், நாட்டின் சுமார் 5 சதவீத இடத்தில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். அங்கே அடர்த்தி 2,000ஐத் தாண்டும். மிச்சமெல்லாம் பாலைவனம். இத்தகைய நாடுகளுக்கு, மக்கள்தொகையை விளைநிலத்தால் மட்டும் வகுக்கும் உழவடர்த்தி போன்ற அளவுகள்தான் உண்மை நெருக்கடியைக் காட்டும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எத்தனை, எங்கே வேண்டும் என்று திட்டமிடுபவர் 110 என்ற எண்ணை நம்பினால் இழப்பு அந்த மக்களுக்குத்தான்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: விகிதம் எதைப் பார்த்தாலும், கீழே இருப்பது மொத்தப் பரப்பா, நிலப்பரப்பா, மனிதர் வாழும் பரப்பா என்று கேட்க வேண்டும்.

## பரப்பளவு மாறும்போது

அட்டவணைகளில் பெரும்பாலான நாடுகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு ஒரே எண்தான் வரும். மாறியிருந்தால், பல நேரங்களில் மறுபடி அளந்திருப்பார்கள் அல்லது வரையறையை மாற்றியிருப்பார்கள். சில மாற்றங்கள் மெய்யானவை.

சிங்கப்பூர் 1960களில் சுமார் 580 ச.கி.மீ. கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730ஐத் தாண்டியிருக்கிறது. சாங்கி விமான நிலையத்தின் பெரும்பகுதியும் ஜூரோங் தீவும் அப்படி உருவான நிலத்தில் இருப்பவை. நெதர்லாந்தில் 1986இல் உருவான ஃபிளெவோலாந்து மாகாணம் ஏறக்குறைய முழுவதும் நீரை வெளியேற்றி மீட்ட நிலம். இங்கே ஒரு நுட்பம் உண்டு: ஏற்கெனவே நாட்டின் எல்லைக்குள் இருந்த நீரை வற்றச் செய்தால் நிலப்பரப்பு கூடும், மொத்தப் பரப்பளவு அப்படியே இருக்கும்.

அந்த நுட்பத்தின் கொடிய பக்கம் ஆரல் கடல். 1960இல் அது சுமார் 68,000 ச.கி.மீ. பரந்த ஏரி. பருத்தி வயல்களுக்காக ஆமு தரியா, சீர் தரியா ஆறுகளைத் திருப்பிவிட்டதில் அது வற்றி, பழைய அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. கணக்கின்படி பார்த்தால் கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் 'நிலம்' கூடியது. அந்த நிலம் உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி. மீன்பிடித் தொழில் அழிந்தது, சுற்றிலும் வாழ்ந்தவர்களின் உடல்நலம் கெட்டது. பரப்பளவை மதிப்பெண்போல் படிப்பவர் இதை முன்னேற்றம் என்று எழுதிவிடுவார்.

இதற்கு நேர் மாறான ஓர் உதாரணம். 2015இல் இந்தியாவும் வங்கதேசமும் ஒன்றின் எல்லைக்குள் மாட்டிக்கொண்டிருந்த மற்றதன் நிலத்திட்டுகளைப் பரிமாறிக்கொண்டன. இந்தியா சுமார் 17,160 ஏக்கர் கொடுத்து, சுமார் 7,110 ஏக்கர் பெற்றது. நிகரமாக ஏறத்தாழ 40 ச.கி.மீ. குறைவு. ஆனால் அந்தத் திட்டுகளில் மின்சாரமோ பள்ளியோ அடையாள அட்டையோ இல்லாமல் பல்லாண்டு காலம் நாடற்றவர்கள்போல் வாழ்ந்த 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு முதன்முறையாக முறையான குடியுரிமை கிடைத்தது. நிலம் குறைந்த கணக்கை மட்டும் பேசியவர்கள் இந்த மக்களைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

பசிபிக்கின் துவாலு சுமார் 26 ச.கி.மீ. கடல்மட்டம் உயர்வதால் அது சுருங்கிக்கொண்டிருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். 1971 முதல் 2014 வரையிலான படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அதன் தீவுகளின் மொத்தப் பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பதைக் காட்டியது. அலைகள் பவளத் துகள்களை அள்ளி வந்து கரையில் சேர்த்ததே முக்கியக் காரணம். இதை வைத்துத் துவாலுவுக்கு ஆபத்தில்லை என்று சிலர் எழுதினார்கள். நிலத்தடி நீரில் உப்பு ஏறுவதையும் பெரிய ஓதங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் வருவதையும் மேலிருந்து அளக்கும் பரப்பு காட்டாது. நிலம் இருக்கிறது என்பது வேறு, அதில் வாழ முடிகிறது என்பது வேறு.

## அட்டவணையைப் படிக்கும்போது

முதலில் வரையறையைத் தேடுங்கள். நல்ல தரவுத் தொகுப்புகளில் ஒவ்வொரு வரிக்கும் கீழே அது எழுதப்பட்டிருக்கும். இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது இரண்டு எண்களையும் ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள். ஒன்றை அந்த நாட்டின் அரசு ஆவணத்திலிருந்தும் மற்றதை உலக வங்கியிலிருந்தும் எடுத்தால், கடற்கரையும் எல்லைத் தகராறும் இரண்டு விதமாக நடத்தப்பட்டிருக்கும். காடு, விவசாயம், மக்கள் அடர்த்தி என்றால் நிலப்பரப்பு பொருத்தம். மீன்வளத்தைப் பற்றிப் பேசினால் இரண்டுமே உதவாது, பொருளாதார மண்டலத்தின் அளவைத் தேட வேண்டும்.

நீண்ட கால வரிசைகளில் திடீர்ப் பள்ளம் தெரிந்தால் பதற வேண்டாம். சூடான் 2011 வரை சுமார் 25 இலட்சம் ச.கி.மீ. பரப்புடன் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடாக இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 9 அன்று தென் சூடான் பிரிந்தது. சூடான் சுமார் 19 இலட்சத்துக்குச் சுருங்க, 23.8 இலட்சம் ச.கி.மீ. கொண்ட அல்ஜீரியா முதலிடத்துக்கு வந்தது. சூடானின் காடு விகிதம், மக்கள் அடர்த்தி, விளைநில விகிதம் எல்லாம் அந்த ஆண்டில் குதிப்பது அதனால்தான். 2011க்கு முன்பும் பின்பும் ஒப்பிட வேண்டுமானால் பிந்திய ஆண்டுகளுக்கு இரண்டு நாடுகளின் காட்டையும் மக்களையும் பரப்பையும் தனித்தனியே கூட்டிக்கொண்டு, அதன்பிறகு வகுங்கள்; இரண்டு விகிதங்களின் சராசரியை எடுத்தால் விடை தவறாகிவிடும்.